நாஷ்வில் மாணவர்கள் அடிவாங்கப் பழகிய விதம்

அகிம்சைப் போராட்டம் என்றதும் நம் ஊரில் முதலில் நினைவுக்கு வருவது உண்ணாவிரதப் பந்தல், இல்லாவிட்டால் சாலை மறியல். இரண்டுக்கும் பெரும்பாலும் ஒத்திகை கிடையாது. கூப்பிட்டால் ஆட்கள் வருவார்கள், உட்காருவார்கள். போலீஸ் வேனில் ஏற்றிக் கல்யாண மண்டபத்தில் வைத்து, சாயங்காலம் விட்டுவிடும். நடுவில் ஒரே ஒருவர் பொறுமையிழந்து கல்லை எடுத்துவிட்டால் மறுநாள் பத்திரிகையில் அந்தக் கல்தான் இருக்கும், கோரிக்கை இருக்காது. கல்லை எடுக்காமலிருக்க நல்ல மனசு போதும் என்று நாம் நம்பிவிடுகிறோம். போதாது. பல மாதங்களுக்கு முன்பிருந்தே அதற்காக உழைத்திருக்க வேண்டும். அந்த உழைப்பு எப்படிப்பட்டது என்று பார்க்க, அமெரிக்காவின் டென்னசி மாநிலத் தலைநகரான நாஷ்வில்லில் 1958 முதல் 1960 வரை கறுப்பின மாணவர்கள் நிறப் பாகுபாட்டை எதிர்க்கத் தயாரான விதத்தைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரிந்து இல்லை.

அந்த ஊரில் பயிற்சி கொடுத்தவர் ஜேம்ஸ் லாசன். கொரியப் போரின்போது ராணுவத்தில் சேர மறுத்துச் சிறை சென்றவர். வெளியே வந்ததும் 1953-இல் மெத்தடிஸ்ட் திருச்சபை சார்பில் நாக்பூர் ஹிஸ்லாப் கல்லூரிக்கு வந்தார். மூன்றாண்டுகள் அங்கே இருந்து, காந்தியின் போராட்ட முறைகளை ஊன்றிப் படித்தார். அலபாமா மாநிலத்தின் மான்ட்கோமரியில் கறுப்பின மக்கள் பேருந்துகளைப் புறக்கணிக்கும் செய்தி அவருக்கு முதலில் கிடைத்ததும் நாக்பூர்ப் பத்திரிகை ஒன்றில்தான். ஊர் திரும்பியபின் 1957-இல் மார்ட்டின் லூதர் கிங்கைச் சந்தித்தார். படிப்பை முடித்துவிட்டு வருகிறேன் என்றவரிடம், இப்போதே தெற்கே வாருங்கள் என்றார் கிங். 1958 தொடக்கத்தில் லாசன் நாஷ்வில்லுக்குக் குடிபெயர்ந்தார். வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் இறையியல் படித்துக்கொண்டே பயிற்சி வகுப்புகளைத் தொடங்கினார்.

முதல் வகுப்புக்கும் முதல் உள்ளிருப்புக்கும் இடையே ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் ஓடின. அந்த இடைவெளியில் நடந்தது என்ன என்பதுதான் நமக்கு வேண்டிய பாடம்.

முதல் கேள்வி, எதை எதிர்ப்பது? நிறப் பாகுபாடு பள்ளி, வேலை, வீடு, ஓட்டு என எங்கும் இருந்தது. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் எதிர்த்தால் எதுவும் அசையாது. ஊர் மக்களிடம் கேட்டபோது, குழந்தைகளோடு கடைத்தெருவுக்குப் போகும் பெண்கள் சொன்னதுதான் முடிவைத் தந்தது. டிபார்ட்மென்ட் ஸ்டோரில் துணி வாங்கலாம். போட்டுப் பார்க்க முடியாது. காசு கொடுக்கலாம், கால் வலித்தால் உட்கார இடமில்லை. குழந்தைக்குப் பசித்தாலும், சிறுநீர் கழிக்க வேண்டியிருந்தாலும் ஒதுங்க வழியில்லை. அதே கடையின் லஞ்ச் கவுண்டரில் வெள்ளையர்கள் மட்டும் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள்.

அந்தக் கவுண்டரைத் தேர்ந்தெடுத்ததில் பெரும் நுட்பம் இருக்கிறது. அநியாயம் எல்லோர் கண்ணுக்கும் தெரிகிறது, விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. முடிவெடுக்கும் அதிகாரம் சில கடை முதலாளிகளிடம் இருக்கிறது, சட்டசபை வரை போக வேண்டியதில்லை. அந்த முதலாளிகள் கறுப்பின மக்களின் பணத்தை நம்பி இருக்கிறார்கள். போராட வருபவர் செய்யப்போவதோ ஸ்டூலில் உட்கார்ந்து காபி கேட்பது மட்டும். கோரிக்கையே போராட்ட வடிவமாகவும் ஆகிவிடுகிறது. போராட்டத்துக்கு இடம் தேடுகிறவர்கள் இந்த நான்கையும் வைத்துச் சோதித்துப் பார்க்க வேண்டும். கலெக்டர் ஆபீஸ் வாசலில் உட்காரும் பல போராட்டங்கள் தோற்பது இங்கேதான். யார் முடிவெடுக்க முடியுமோ அவருக்கு அதனால் எந்தச் சிரமமும் இல்லை.

அடுத்தது விசாரணை. எந்தக் கடையில் எத்தனை இருக்கை, எந்த வாசல் எங்கே திறக்கிறது, எந்த நேரத்தில் கூட்டம், மேலாளர் யார் என்று எல்லாவற்றையும் குறித்துக்கொண்டார்கள். முதலாளிகளைச் சந்தித்துப் பேசினார்கள், அவர்கள் மறுத்தார்கள். 1959 நவம்பர் 28 அன்று ஹார்வீஸ் கடையிலும், டிசம்பர் 5 அன்று கெய்ன்-ஸ்லோன் கடையிலும் சிறு குழுவாகப் போய்ச் சோதித்தார்கள். பொருள் வாங்கினார்கள், கவுண்டரில் உட்கார்ந்தார்கள், உணவு கேட்டார்கள். இல்லை என்றதும் மேலாளரைக் கூப்பிடச் சொல்லி, காரணம் கேட்டுக்கொண்டு, மரியாதையாக எழுந்து வந்துவிட்டார்கள். பேச்சுவார்த்தைக்குக் கதவைத் தட்டியாயிற்று, மறுப்பு கடைக்காரர் வாயாலேயே வந்தாயிற்று. பின்னால் யாரும் ‘முதலில் பேசியிருக்கலாமே’ என்று சொல்ல இடமில்லை.

இனி பயிற்சி. 1959 இலையுதிர் காலத்தில் செவ்வாய்க்கிழமை மாலைகளில், கிளார்க் மெமோரியல் மெத்தடிஸ்ட் ஆலயத்தில் கூடினார்கள். ஃபிஸ்க், டென்னசி ஏ அண்டு ஐ, மெஹாரி, அமெரிக்கன் பாப்டிஸ்ட் இறையியல் கல்லூரி ஆகியவற்றின் மாணவர்கள். டயான் நாஷ், ஜான் லூயிஸ், பெர்னார்டு லஃபாயெட், ஜேம்ஸ் பெவெல், மேரியன் பேரி எனப் பின்னாளில் சிவில் உரிமைப் போராட்டத்தில் பெயர் பெற்ற எல்லோரும் இந்த அறையிலிருந்து வந்தவர்கள். வகுப்பின் ஒரு பாதி படிப்பும் விவாதமும். மறு பாதி நடித்துப் பார்ப்பது. நாற்காலிகளை வரிசையாகப் போட்டு அதைக் கவுண்டராக வைத்துக்கொள்வார்கள். சிலர் உட்காருவார்கள். மற்றவர்கள் வெள்ளை இளைஞர்களாக மாறி வசை பாடுவார்கள், சிகரெட் புகையை முகத்தில் ஊதுவார்கள், நாற்காலியை இழுத்துக் கீழே தள்ளுவார்கள். கீழே விழுந்தால் முழங்காலை மார்போடு மடக்கி, கைகளால் பின்தலையையும் கழுத்தையும் மூடிக்கொள்ளப் பழகினார்கள். முடிந்தவரை அடிப்பவரின் கண்ணைப் பார்க்கப் பழகினார்கள். ஒருவருக்கு அடி பலமாக விழுந்தால் மற்றவர்கள் தங்கள் உடம்பை இடையில் நுழைத்து அடியைப் பங்குபோட்டுக்கொள்ளவும் பயிற்சி இருந்தது. ஒரே ஆள் தனியாக மாட்டிக்கொண்டால் உயிருக்கே ஆபத்து. அதனால் இந்தப் பாடத்தை உயிர் காக்கும் பாடம் என்றே சொல்ல வேண்டும்.

இதை இன்று நடத்த நினைப்பவர்களுக்குச் சில நடைமுறைக் குறிப்புகள். இருபது பேர் இருந்தால் ஆறு பேரை உட்கார வையுங்கள். எட்டுப் பேர் தாக்குபவர்கள், ஒருவர் மேலாளர், இரண்டு பேர் போலீஸ், மீதி மூவர் வெறுமனே பார்த்துக் குறிப்பெடுப்பவர்கள். தாக்குபவர்களிடம் தனியாகப் பேசி, அவர்கள் யார், எதற்குக் கோபப்படுகிறார்கள் என்று ஒரு பின்னணி கொடுங்கள். எதையெல்லாம் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது என்று முன்பே வரையறுங்கள். தள்ளலாம், இழுக்கலாம், உண்மையான அடி கூடாது. இதய நோய், கர்ப்பம், பழைய காயம் உள்ளவர்களைக் கீழே தள்ளக் கூடாது. ‘நிறுத்து’ என்று யார் சொன்னாலும் அந்த நொடியே நிற்க வேண்டும். நாடகம் மூன்றிலிருந்து ஐந்து நிமிடத்துக்கு மேல் போகக் கூடாது. ஆனால் அதன்பின் பேசுவதற்கு இருபது நிமிடமாவது ஒதுக்க வேண்டும். உட்கார்ந்தவர்களிடம் முதலில் கேளுங்கள்: உடம்பில் எங்கே இறுகியது, எந்தச் சொல் சுட்டது, எந்த நொடியில் கை எழப்பார்த்தது? பிறகு தாக்கியவர்களிடம்: எதிரே இருந்தவர் செய்த எந்தச் செயல் உங்கள் வேகத்தைக் குறைத்தது, எது கூட்டியது? கடைசியாகப் பார்த்தவர்கள். பின் வேடம் மாற்றி மறுபடியும். அடித்தவர் அடிவாங்க வேண்டும், அடிவாங்கியவர் அடித்துப் பார்க்க வேண்டும். அடிப்பவர் இடத்தில் நின்றால்தான் அங்கேயும் பயம் இருப்பது தெரியும்.

இந்தப் பயிற்சி வழக்கமாகக் கெடுவது மூன்று விதத்தில். தாக்குபவர்கள் நண்பர்களாயிற்றே என்று மென்மையாக நடித்தால் பயிற்சி விளையாட்டாகிவிடும். நிஜக் கவுண்டரில் முதல் வசைச் சொல்லிலேயே ஆள் உடைந்துபோவார். எதிர்மாறாக, யாராவது வேடத்தில் மூழ்கி, உள்ளே இருந்த பழைய பகையைத் தீர்த்துக்கொள்ளத் தொடங்கினால் காயம் நிஜமாகிவிடும். அதனால் வேடம் கலைப்பதையும் சடங்குபோலச் செய்ய வேண்டும்: பெயர் சொல்லிக் கூப்பிட்டு, கை கொடுத்து, இடம் மாறி உட்கார வைத்து. மூன்றாவது, நேரமில்லை என்று பேச்சை வெட்டிவிடுவது. பேசாமல் போன ஒத்திகை ஆளை இன்னும் பதற்றமாக்கித்தான் அனுப்பும்.

இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும். ‘என்னால் திருப்பி அடிக்காமல் இருக்க முடியாது’ என்று ஒருவர் ஒப்புக்கொண்டால் அவரைக் கோழையாகவோ குறைந்தவராகவோ பார்க்கக் கூடாது. அவர் செய்யாவிட்டால் நின்றுபோகும் வேலைகள் பல உண்டு: தொலைபேசி, வண்டி, சாப்பாடு, வழக்கறிஞரோடு தொடர்பு, கைதானவர்களின் வீட்டுக்குத் தகவல். உட்காரும் இடத்துக்கு அவர் வேண்டாம், அவ்வளவே.

1960 பிப்ரவரி 1 அன்று வட கரோலினாவின் கிரீன்ஸ்பரோவில் நான்கு கறுப்பின மாணவர்கள் லஞ்ச் கவுண்டர் ஒன்றில் உட்கார்ந்துவிட, நாஷ்வில்லுக்கும் அவசரம் வந்துவிட்டது. பிப்ரவரி 12 இரவுக் கூட்டத்தில் பெரியவர்கள் தயங்கினார்கள். ஜாமீனுக்குப் பணம் வேண்டும், அந்தப் பெரியவர்களின் சங்கத்தில் கையிருப்போ 87 டாலர் 50 சென்ட். மாணவர்கள் காத்திருக்க மறுத்தார்கள். பிப்ரவரி 13, சனிக்கிழமை, பனி விழுந்திருந்த தெருவில் 124 பேர் நடந்துபோய் உல்வொர்த், கிரெஸ், மெக்லெல்லன் கடைகளில் நுழைந்தார்கள். ஞாயிறு ஆலயத்துக்குப் போகும் உடை. ஆளுக்கொரு சிறு பொருள் வாங்கிக் கையில் ரசீது. பிறகு கவுண்டரில் உட்கார்ந்து பாடப் புத்தகத்தை விரித்தார்கள். ஏறக்குறைய இரண்டு மணி நேரம் கழித்து எழுந்து வந்தார்கள். அடுத்த வாரம் இருநூறு பேர், அதற்கடுத்த முறை முந்நூற்றுக்கும் மேல்.

கூட்டம் பெருகும்போதுதான் ஆபத்தும் பெருகுகிறது, ஏனென்றால் புதிதாக வந்தவர்கள் வகுப்பில் உட்காராதவர்கள். பிப்ரவரி 27 அன்று தாக்குதல் நடக்கும் என்று முன்கூட்டியே எச்சரிக்கை வந்தது. லூயிஸும் லஃபாயெட்டும் ஒரே ஒரு தாளில் விதிகளை எழுதி, 500 பிரதி எடுத்துக் கொடுத்தார்கள். அடித்தாலும் ஏசினாலும் திருப்பி அடிக்காதே, ஏசாதே. உரக்கச் சிரிக்காதே. தலைவர் அனுமதி இல்லாமல் இடத்தை விட்டு எழாதே. கடை வாசலையும் நடைபாதையையும் மறிக்காதே. நிமிர்ந்து உட்கார், கவுண்டரையே பார். எப்போதும் மரியாதையாக இரு. விவரம் கேட்பவர்களைத் தலைவரிடம் அனுப்பு. கூடவே ஏசுவையும் காந்தியையும் மார்ட்டின் லூதர் கிங்கையும் நினைவில் வைத்துக்கொள்ளச் சொல்லும் ஒரு வரி.

இந்தத் தாளை நான் பலமுறை படித்திருக்கிறேன். கொள்கை ஒரே வரி. மற்றதெல்லாம் முதுகு, கண், கால், வாய். பதற்றத்தில் இருப்பவருக்குத் தத்துவம் நினைவுக்கு வராது, ‘நிமிர்ந்து உட்கார்’ நினைவுக்கு வரும். சிரிக்காதே என்பது ஏன் என்று சிலர் கேட்கலாம். பயத்தில் வரும் அசட்டுச் சிரிப்பை எதிராளி கேலியாக எடுத்துக்கொள்வான், அங்கேதான் முதல் அடி விழும். வாசலை மறிக்காதே என்பதற்குக் காரணம் வழக்கு. மறித்தால் போலீஸுக்குச் சரியான குற்றச்சாட்டை நாமே எழுதிக் கொடுத்ததாகிவிடும்.

அன்று எதிர்பார்த்தபடியே நடந்தது. வெள்ளை இளைஞர்கள் ஸ்டூலிலிருந்து இழுத்துப்போட்டு அடித்தார்கள், எரியும் சிகரெட்டை முதுகில் வைத்தார்கள். பிறகு வந்த போலீஸ் கைது செய்தது 81 மாணவர்களை. அடித்தவர்களில் ஒருவரைக்கூட இல்லை. ஆனால் ஒரு வரிசையைப் போலீஸ் கொண்டுபோனதும் அடுத்த வரிசை வந்து அதே இருக்கைகளில் உட்கார்ந்தது. அவர்களையும் கொண்டுபோனதும் இன்னொரு வரிசை. இதற்கு ஆட்களை முன்பே பிரித்து வைத்திருந்தார்கள். கடைக்குள் வாடிக்கையாளர்போல நின்ற வெள்ளை ஆதரவாளர்கள் நடப்பதைக் கவனித்து, தலைமையிடமாக இருந்த ஆலயத்துக்குத் தகவல் தந்துகொண்டிருந்தார்கள். மாணவர்களின் மத்தியக் குழுவில் தலைவர் பதவி சுழற்சியில் இருந்தது. ஒருவர் சிறைக்குப் போனால் வேலை நிற்காது, ஒருவரை விலைக்கு வாங்கியோ மிரட்டியோ எல்லாவற்றையும் முடிக்கவும் முடியாது. 1924-இல் வைக்கத்தில் நாளுக்கு மூன்று தொண்டர்கள் என்று அளந்து அனுப்பியதிலும் இதே கணக்கு உண்டு. எல்லோரும் ஒரே நாளில் சிறைக்குப் போய்விட்டால் மறுநாள் தெரு காலி.

லாசனைப் பற்றிச் சொல்லப்படும் ஒரு நிகழ்வு இங்கே பொருந்தும். அந்த நாட்களில் ஒரு வெள்ளை இளைஞன் அவர்மீது துப்பினான். லாசன் அவனிடமே கைக்குட்டை இருக்கிறதா என்று கேட்டார். அவன் யோசிக்காமல் எடுத்துக் கொடுத்துவிட்டான். துடைத்துத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அவனிடம் மோட்டார் சைக்கிள் இருக்கிறதா என்று பேச்சை வளர்த்தார். இதைப் புனிதரின் பொறுமை என்று கும்பிட்டுவிட்டுப் போகக் கூடாது. தாக்குபவன் மனதில் இரண்டே பதில்கள் இருக்கின்றன: எதிராளி ஓடுவான், அல்லது திருப்பி அடிப்பான். மூன்றாவதாக ஒன்று வந்தால் அவன் அடுத்து என்ன செய்வது என்று தெரியாமல் நிற்கிறான். அந்தச் சில நொடிகளை உண்டாக்கும் திறமையை ஒத்திகையில் வளர்க்க முடியும்.

நீதிமன்றத்தில் ஆளுக்கு 50 டாலர் அபராதம். பெரும்பாலானோர் கட்ட மறுத்துச் சிறையைத் தேர்ந்தார்கள். அபராதம் கட்டுவது அந்தத் தீர்ப்பின் நியாயத்தை ஒப்புக்கொள்வதாகும் என்று டயான் நாஷ் நீதிமன்றத்தில் விளக்கினார். பணமில்லாத இயக்கத்துக்கு இது வசதியான முடிவும்கூட. இயக்கம் கட்ட வேண்டிய பணம், சிறையில் எதிர்த்தரப்பு போடும் சாப்பாட்டுச் செலவாக மாறியது. கல்லூரிப் பிள்ளைகள் தெருவில் சிறைவேலை செய்வதைப் பார்த்ததும் ஊர்ப் பெரியவர்களின் தயக்கமும் போயிற்று. மார்ச் 3 அன்று மேயர் பென் வெஸ்ட் மாணவர்களை விடுவித்து, இரு இனத்தவரும் அடங்கிய குழு ஒன்றை அமைத்தார். அதே நாளில் லாசனைப் பல்கலைக்கழகம் வெளியேற்றியது.

ஈஸ்டர் நெருங்கிக்கொண்டிருந்தது. நமக்குத் தீபாவளி ஜவுளி எப்படியோ அங்கே அப்படி. இந்த ஈஸ்டருக்குப் புதுத்துணி வேண்டாம் என்ற பேச்சு ஆலயம் ஆலயமாகப் பரவியது. சிறைக்குப் போக முடியாத தாய்மார்கள், வயதானவர்கள், வேலை போய்விடும் என்று அஞ்சியவர்கள் எல்லோருக்கும் இதில் இடமிருந்தது. கலவரம் வருமோ என்று வெள்ளை வாடிக்கையாளர்களும் கடைத்தெருப் பக்கம் வரவில்லை. கவுண்டர் மாணவர்கள் அநியாயத்தைக் காட்டினார்கள். அதற்கு விலை வைத்தது இந்தப் புறக்கணிப்புதான். ஒன்றை விட்டு மற்றொன்றை மட்டும் செய்திருந்தால் வெற்றி வந்திருக்காது என்பது என் கணிப்பு.

ஏப்ரல் 5 அன்று மேயர் குழு ஒரு சமரசத்தை முன்வைத்தது: கவுண்டரை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதி வெள்ளையருக்கு மட்டும், மறுபகுதி எல்லோருக்கும். மாணவர்கள் மறுத்தார்கள். சமரசம் பேசும்போது எதை விட்டுக்கொடுக்கலாம், எதை முடியாது என்று பிரிப்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். நாள், நேரம், அறிவிக்கும் விதம், யார் முதலில் வருவது, யாருக்குப் பெருமை என்பவற்றை விட்டுக்கொடுக்கலாம். எதை எதிர்த்து வந்தோமோ அதையே சிறிய அளவில் ஏற்கச் சொன்னால் முடியாது. பிரித்த கவுண்டரும் பிரிவினைதான்.

ஏப்ரல் 19 விடியற்காலை, மாணவர்களின் வழக்கறிஞர் அலெக்சாண்டர் லூபியின் வீட்டில் டைனமைட் வீசப்பட்டது. எதிரே இருந்த மெஹாரி மருத்துவக் கல்லூரியில் நூற்றுக்கும் மேற்பட்ட ஜன்னல் கண்ணாடிகள் நொறுங்கின. லூபியும் மனைவியும் உயிர் தப்பினார்கள். சில மணி நேரத்துக்குள் மேயருக்குத் தந்தி போனது. மதியத்துக்குள் மூவாயிரத்துக்கும் அதிகமானவர்கள் சிறு வரிசைகளாக, கோஷமே இல்லாமல், நகர மன்றத்தை நோக்கி நடந்தார்கள். அந்த அளவு கோபத்தில் அந்த அளவு மௌனம் திடீரென்று வருவதில்லை.

நகர மன்ற வாசலில் நடந்த உரையாடலைக் கவனிக்க வேண்டும். முதலில் பாதிரியார் சி. டி. விவியன் மேயரைக் குற்றம்சாட்டும் அறிக்கையைப் படித்தார். மேயர் சூடானார், தன் நிர்வாகம் செய்தவற்றை அடுக்கித் தற்காத்துக்கொண்டார். பிறகு டயான் நாஷ் குரலை உயர்த்தாமல் கேட்டார்: நிறத்தை மட்டும் காரணமாக வைத்து ஒருவரை ஒதுக்குவது தவறு என்று நீங்கள் ஒரு மனிதராக நினைக்கிறீர்களா? மேயர் ஆம் என்றார். அப்படியானால் கவுண்டர்களைத் திறக்க வேண்டுமா? அதற்கும் ஆம். மறுநாள் காலைப் பத்திரிகையின் தலைப்பே அதுதான். குற்றச்சாட்டு மேயரைப் பதவிக்குள் பதுங்க வைத்தது. கேள்வி அவரைப் பதவிக்கு வெளியே வரவழைத்தது. ஆனால் முந்தைய அழுத்தம் எதுவும் இல்லாமல் இந்தக் கேள்வியை மட்டும் ஜனவரியிலேயே கேட்டிருந்தால் அவர் நின்று பதில் சொல்லியிருக்கப்போவதில்லை.

மேயர் சொன்னதால் மட்டும் கடைகள் திறக்கவில்லை. முதலாளிகளுக்கு அது நல்ல சாக்கு ஆனது, அவ்வளவுதான். அவர்களுடைய பயம் வேறு: முதலில் திறக்கும் கடை வெள்ளை வாடிக்கையாளர்களை இழக்கும். ஆகவே எல்லாக் கடைகளும் ஒரே நாளில் திறப்பது என்று முடிவாயிற்று. இயக்கம் தேர்ந்தெடுத்த ஆட்கள் இரண்டு மூன்று பேராக, குறித்த நேரத்தில் வருவார்கள். கடை ஊழியர்களுக்கு முன்பே சொல்லி வைத்திருப்பார்கள். பத்திரிகைகள் படம் பிடித்துப் பெரிதாக்கக் கூடாது. சில நாட்கள் இப்படி ஓடியபின் கட்டுப்பாடு தளரும், யார் வேண்டுமானாலும் வரலாம். 1960 மே 10 அன்று நகர மையத்தின் ஆறு கடைகளில் கறுப்பின மக்கள் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். வெற்றி விழா இல்லை, மேடை இல்லை. தோற்றவர் முகத்தில் கரி பூசாமல் அவருக்கு வெளியேறும் வழியை அமைத்துத் தந்ததால்தான் ஒப்பந்தம் நிலைத்தது. நம் பக்கத்தில் ஒப்பந்தம் கையெழுத்தான அன்று இரவே பட்டாசு வெடித்து, மறுவாரம் அதே பகை வேறு வடிவில் திரும்பி வருவதைப் பார்க்கிறோம்.

இந்த ஒப்பந்தத்தின் எல்லையையும் மறைக்கக் கூடாது. திறந்தது ஆறு கடைகளின் கவுண்டர்கள் மட்டும். சினிமா தியேட்டர்களுக்கு 1961-இல் மறுபடி வரிசையில் நின்று மறுபடி அடிவாங்கினார்கள். பல உணவகங்களும் விடுதிகளும் 1964-இன் சிவில் உரிமைச் சட்டம் வரும்வரை மூடியே கிடந்தன. ஆனால் பயிற்சி பெற்ற ஆட்கள் கலையவில்லை. 1961 மே மாதம், மாநிலங்களுக்கிடையே ஓடும் பேருந்துகளில் இரு இனத்தவரும் சேர்ந்து பயணித்த ‘ஃபிரீடம் ரைடு’ அலபாமாவில் அடிதடியால் நின்றுபோனபோது, அதைத் தொடர ஆட்களைத் திரட்டியது டயான் நாஷ். மே 17 காலை நாஷ்வில்லிலிருந்து அலபாமாவின் பர்மிங்காமுக்குப் பேருந்து ஏறியவர்கள் பத்துப் பேர். அவர்களில் சிலர் கிளம்புமுன் உயில் எழுதி வைத்துவிட்டுப் போனார்கள்.